அந்த வரியை ஏன் ஒருவரும் கட்டவில்லை?

கனடாவின் ஒன்ராறியோவில் வரி நிலுவைக்காக விற்பனைக்கு வரும் காணிகளைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் விலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஸ்காபரோவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் டைட்டில் சேர்ச் செய்வது, அதாவது காணிகளின் உரிமைப் பதிவேடுகளை ஆராய்வது, என் தொழில் என்பதால், கலியாண வீடுகளில்கூட யாராவது ஒருவர் கைபேசியை நீட்டி, “ஒன்பதாயிரம் டொலர்தான் போட்டிருக்கு, இதில ஏதும் சிக்கல் இருக்குமா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பதில் தவறில்லை. வீட்டு விலைகள் இன்றிருக்கும் நிலையில், மலிவுக் காணி என்று வட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகள் இளம் குடும்பங்களின் மனத்தில் ஆசையை விதைப்பது இயல்பு. ஆனால் விலைக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் காணிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்; அவருக்கு ஆண்டுக்கணக்கில் அறிவித்தல்கள் போயிருக்கின்றன; அப்படியிருந்தும் அந்த வரியை ஏன் ஒருவரும் கட்டவில்லை? இதற்கு விடை தெரியாமல் எந்தக் காணியையும் வாங்கக்கூடாது என்று பல காலமாகச் சொல்லி வந்திருக்கிறேன். விடை தெரிந்த பிறகு சில வீடுகளுக்கு விலைமனுப் போடவே கூடாது என்ற எண்ணம் அண்மைக் காலத்தில்தான் எனக்குள் உறுதிப்பட்டது.

விளம்பரத்தில் காணப்படும் தொகை காணியின் விலை அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நிலுவையிலுள்ள வரி, அதன் மேல் மாதத்துக்கு 1.25 வீதம் வரை ஏறக்கூடிய தண்ட வட்டி, பதிவுச் செலவு, சட்டச் செலவு, விளம்பரச் செலவு ஆகியவற்றின் கூட்டுத்தொகைதான் அது. அதற்குக் குறைவான விலைமனுவை நகரசபை ஏற்காது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் எதுவும் இல்லை. ஐந்து லட்சம் டொலர் பெறுமதியான வீட்டுக்கும் சதுப்பு நிலத்தின் ஒரு துண்டுக்கும் ஒரே தொகை இருக்கலாம். அண்மைக் காலமாக விளம்பரத்தில் மதிப்பீட்டுப் பெறுமதியையும் குறிப்பிடுகிறார்கள். அதையும் நம்பிவிட முடியாது, ஏனெனில் ஒன்ராறியோவில் எம்பாக் நிறுவனம் தரும் மதிப்பீடுகள் இன்னமும் 2016 ஜனவரி 1-ஆம் திகதியின் பெறுமதியை அடிப்படையாகக் கொண்டவை.

நடைமுறையும் ஓர் இரவில் நடந்து முடிவதில்லை. 2023-இல் கட்டவேண்டிய வரியில் ஒரு பகுதியேனும் 2025 ஜனவரி 1-இல் நிலுவையாக இருந்தால், நகரசபையின் பொருளாளர் அந்தக் காணியின் மீது வரி நிலுவைச் சான்றிதழைப் பதியலாம். 2018-க்கு முன்னர் இந்தக் காத்திருப்பு மேலும் ஓர் ஆண்டு நீண்டிருந்தது. பதிந்து அறுபது நாளுக்குள் உரிமையாளருக்கும் அந்தக் காணியில் பதிவுபெற்ற உரித்துடைய மற்றவர்களுக்கும் அறிவித்தல் போகவேண்டும். 280 நாட்கள் கடந்த பின் இறுதி அறிவித்தல் போகவேண்டும். ஓர் ஆண்டு முடிந்தும் பணம் வராவிட்டால் ஒன்ராறியோ வர்த்தமானியில் ஒரு முறையும் உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு வாரங்களும் விளம்பரம் வரும். சனிக்கிழமைதோறும் வெளியாகும் அந்த வர்த்தமானிதான் இந்தத் தேடலின் ஊற்றுக்கண். காசு வாங்கிக்கொண்டு பட்டியல் விற்பவர்கள் தருவதும் பெரும்பாலும் அதே விளம்பரங்களைத்தான்.

இந்த அறிவித்தல்கள் யாருக்குப் போகின்றன என்பதில்தான் என் கேள்விக்கான விடையின் முதற்பாதி இருக்கிறது. நகரசபையின் வரிக்கடன் வங்கியின் மோட்கேஜுக்கு, அதாவது வீட்டுக் கடனுக்கு, முன்னால் நிற்பது. காணி வரிக்காக விற்கப்பட்டால் மோட்கேஜ் காணியிலிருந்து துடைக்கப்பட்டுவிடும். ஆகவே மோட்கேஜ் கொடுத்த எந்த வங்கியும் அறிவித்தல் கிடைத்தவுடன் வரியைத் தானே கட்டிவிட்டு அதைக் கடனோடு சேர்த்துக்கொள்ளும். இப்படியெல்லாம் கழிந்த பிறகு விளம்பரம் வரை வந்து சேரும் காணிகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, வரியைக் கட்டிக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்குப் பெறுமதி இல்லாத காணி. மற்றது, கடன் எதுவுமே இல்லாத, ஆனால் தன் அலுவல்களைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரின் காணி.

வரைபடத்தில் மட்டும் இருக்கும் தெருக்கள்

முதலாவது வகையைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஏனெனில் நம்மவர்கள் பணத்தை இழப்பது அங்கேதான். கோபால்ட்டில் 1903-இல் வெள்ளி அகப்பட்ட பிறகும், பின்னர் திம்மின்ஸ், கேர்க்லண்ட் லேக் பகுதிகளில் தங்கம் அகப்பட்ட பிறகும் ஒன்ராறியோவின் வடக்கில் சுரங்க ஊர்கள் எழுந்தன. ஊர் வளரும் என்ற நம்பிக்கையில் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து வரைபடம் பதிந்தார்கள். ஊர் அந்த அளவுக்கு வளரவில்லை. எனக்கு ஒரு தம்பி அனுப்பிய காணி அப்படிப்பட்டது. பதிவு செய்யப்பட்ட வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது அழகான கையெழுத்தில் தெருப் பெயர்களும், ஐம்பது அடி முகப்புள்ள துண்டுகளும், மூலையில் நில அளவையாளரின் கையொப்பமும் இருந்தன. அதே இடத்தைச் செய்மதிப் படத்தில் பார்த்தால் ஊசியிலை மரங்களும் நடுவே கறுப்பாக நீரும் தெரிந்தன. தெரு என்று குறிக்கப்பட்டது ஒருநாளும் வெட்டப்படாத தெருவொதுக்கம். அந்தத் துண்டுக்குப் போக ஹெலிகொப்டர் வேண்டும், அல்லது அயலவரின் அனுமதி வேண்டும். தெருவை வெட்டித் தரவேண்டிய கடமை நகரசபைக்கு இல்லை.

ஆகவே விளம்பரத்தில் இருக்கும் இரண்டு இலக்கங்களைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று வரி மதிப்பீட்டுப் பதிவேட்டின் ரோல் இலக்கம். மற்றது காணிப் பதிவகம் ஒவ்வொரு காணிக்கும் தரும் ஒன்பது இலக்க அடையாள எண்ணான பின் (PIN). பின் இலக்கத்தைக் கொண்டு ஒன்லாண்ட் தளத்தில் ஒரு சிறு கட்டணம் செலுத்திப் பதிவேட்டை எடுக்கலாம். உரிமையாளர் யார், எந்த ஆண்டு வாங்கினார், என்ன கட்டுப்பாடுகள் பதியப்பட்டிருக்கின்றன என்பதெல்லாம் அதில் தெரியும். வடக்கில் மேற்பரப்பு உரிமையும் கனிம உரிமையும் தனித்தனியாகப் பிரிந்திருப்பது சாதாரணம் என்பதால் எது விற்கப்படுகிறது என்பதைச் சொற்சொல்லாகப் படிக்கவேண்டும். அதன் பிறகு அந்த நகரசபையின் திட்டமிடல் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து, இந்த வரைபடத்தின் மீது உபவிதி ஏதும் இருக்கிறதா என்று கேட்கவேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரைபடத்தைப் பிரிவினை வரைபடமாகக் கருதமுடியாது என்று அறிவிக்கும் அதிகாரம் நகரசபைக்கு உண்டு. அப்படி அறிவித்திருந்தால், பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை வாங்கி ஒவ்வொன்றாக விற்கலாம் என்ற கனவு அங்கேயே முடிந்துவிடும். கட்டட அனுமதி கிடைக்குமா என்பதும் அதே தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடக்கூடியது.

தெற்கில் தண்ணீரைப் பார்க்கவேண்டும். 1954 ஒக்டோபரில் வந்த ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 பேரைப் பலிகொண்டது. ஹம்பர் நதிக்கரையில் வீடுகளே அடித்துச் செல்லப்பட்டன. அதன் பிறகு வெள்ளச் சமவெளிகளில் கட்டடம் எழுப்புவது இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆற்றோரத்திலோ சதுப்பு நிலத்திலோ அகப்பட்ட காணியில் ஒரு கொட்டில் போடுவதற்கும் இயற்கைவளப் பாதுகாப்பு அதிகார சபையின் அனுமதி தேவைப்படலாம். பழைய பெற்றோல் நிலையமும் உலர்சலவைக் கடையும் இருந்த இடங்கள் வேறு வகையான ஆபத்து. மண்ணுக்குள் கசிந்தது முந்தியவரின் காலத்ததாக இருந்தாலும், துப்புரவு செய்யும்படி வரும் கட்டளை இன்றைய உரிமையாளரின் கதவைத்தான் தட்டும்.

வரி விற்பனையில் வாங்கியவருக்குக் கிடைக்கும் வரி உறுதி பழைய மோட்கேஜைத் துடைக்கும் என்பதைக் கேட்டு எல்லாமே துடைக்கப்படும் என்று நினைப்பவர்கள் அதிகம். மூன்று விடயங்கள் எஞ்சி நிற்கும் என்று மாநகராட்சிச் சட்டமே சொல்கிறது: காணியோடு ஓடும் வழியுரிமைகளும் கட்டுப்பாடுகளும், மத்திய அரசினதும் மாகாண அரசினதும் உரித்துகள், அயற்காணிக்காரர் நெடுங்காலம் ஆண்டு அனுபவித்ததால் ஏற்கெனவே பெற்றுவிட்ட உரிமை. பழைய சொந்தக்காரர் வருமான வரித் திணைக்களத்துக்குப் பெருந்தொகை கொடுக்கவேண்டியிருந்து அது காணியின் மேல் பதியப்பட்டிருந்தால், குறைந்த விலைக்கு வாங்கியவர் அந்தச் சுமையோடு சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க நான் செலவழிப்பது பத்து நிமிடம். கண்டுபிடிக்காமல் விட்டவரின் இழப்பு ஆயுட்காலச் சேமிப்பாக இருக்கக்கூடும்.

விலைமனு முறைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறிப்பிட்ட நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு முன் முத்திரையிட்ட உறையில், சொன்ன தொகையின் 20 வீத வைப்போடு விலைமனு போய்ச் சேரவேண்டும். வென்றவர் அறிவித்தல் தபாலில் அனுப்பப்பட்டுப் பதினான்கு நாளுக்குள் மிகுதியையும், இடையில் சேர்ந்த வரியையும், காணி மாற்ற வரியையும் கட்டவேண்டும். தவறினால் வைப்புப் பணம் நகரசபைக்குச் சொந்தம். அந்தப் பதினான்கு நாளில் உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்கு மோட்கேஜ் தர வங்கிகள் முன்வருவது அரிது. உள்ளே யாரும் குடியிருந்தால் எழுப்பித் தரவேண்டிய பொறுப்பும் நகரசபைக்கு இல்லை. கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாத உறவினரின் பெயரில் வீடு எடுக்க நினைப்பவர்கள், 2022 ஒக்டோபரிலிருந்து 25 வீதமாக உள்ள மாகாண வரியையும், 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தடைச் சட்டத்தையும் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

கடனில்லாத வீடு

இனி இரண்டாவது வகை. எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான ஓர் அண்ணா, நான் மேலே சொன்ன அத்தனையையும் என்னிடம் கேட்டுப் பழகியவர், ஒருநாள் ஒரு விளம்பரத்தை அனுப்பினார். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே உள்ள ஒரு சிற்றூரில் செங்கல் வீடு. தெருவுண்டு, தண்ணீர்க் குழாயுண்டு, வெள்ள வலயத்துக்கு வெளியே. குறைந்தபட்சத் தொகை இருபதினாயிரம் டொலருக்குச் சற்று மேல். பதிவேட்டை எடுத்தேன். ஒரே ஒரு பக்கம். 1970-களின் நடுப்பகுதியில் கணவன் மனைவி இருவரும் கூட்டாக வாங்கிய உறுதி. அதே நாளில் ஒரு மோட்கேஜ். தொண்ணூறுகளில் அந்த மோட்கேஜ் தீர்க்கப்பட்டதற்கான பதிவு. அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஒன்றுமே இல்லை. கடைசி வரியில் வரி நிலுவைச் சான்றிதழ். அண்ணாவிடம் வாசித்துக் காட்டியபோது அவர் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. “வங்கியும் இல்லை, கடனும் இல்லை, அரசாங்கத்தின்ர கையும் இல்லை. இதைவிட என்ன வேணும், தங்கச்சி?”

தொழில்முறையில் பார்த்தால் அவர் சொன்னது சரி. அப்படிச் சுத்தமான பதிவேடு வரி விற்பனையில் கிடைப்பது அபூர்வம். ஆனால் என் கண் ‘ஒன்றுமே இல்லை’ என்ற அந்த இடைவெளியிலேயே நின்றுவிட்டது. ஐம்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தவர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் தவறாமல் மோட்கேஜ் கட்டி முடித்தவர்கள். வீட்டை வைத்து அதன் பிறகு ஒரு சதமும் கடன் வாங்காதவர்கள். இப்படிப்பட்டவர்கள் வருடத்துக்குச் சில ஆயிரம் டொலர் வரியைக் கட்டாமல் வீட்டைக் கைவிடுவார்களா? ஒருவர் இறந்திருந்தால் மற்றவர் பெயருக்கு முழுவதுமாக மாற்றிய பதிவு இருக்கவேண்டும், அதுவும் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையின் மரண அறிவித்தல்களில் அந்தக் குடும்பப் பெயரைத் தேடினேன். கணவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமாகியிருந்தார். மனைவியும் வேறு மாகாணத்திலிருக்கும் ஒரு மகளும் அவரை இழந்து வாடுவதாக எழுதியிருந்தது. கீழே இறுதிச்சடங்கு இல்லத்தின் பெயர். ஏன் ஒருவரும் கட்டவில்லை என்ற கேள்விக்கு இதுவரை எனக்குக் கிடைத்த விடைகள் காடும் சதுப்பும் கசிந்த எண்ணெயும்தான். இந்த முறை விடையாக ஒரு வயோதிபப் பெண் அந்த வீட்டுக்குள் இருந்தார்.

அண்ணாவிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்லர். ஆனால் அவருடைய வாதமும் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. “நகரசபை கடிதம் அனுப்பித்தானே இருக்கும்? நான் எடுக்காட்டில் இன்னொருத்தன் எடுக்கப் போறான்.” கடிதம் அனுப்பியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டம் கேட்பது ஒழுங்காக அனுப்பப்பட்டதா என்பதைத்தான். ஒழுங்காக அனுப்பிய அறிவித்தல் உரியவரின் கையில் கிடைத்ததா என்று பொருளாளர் உறுதிப்படுத்தத் தேவையில்லை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நிர்வாகம் நடக்க அப்படியொரு விதி வேண்டியிருக்கலாம். எனினும் அந்த விதி விட்டுவைக்கும் இடைவெளியில் விழுபவர்கள் யார் என்பதைப் பதிவேடு படிக்கத் தெரிந்த நாங்கள் பார்க்கமுடியும் என்பதும் உண்மை. மூன்று மணிக்கு உறையைப் பிரிக்கும் அலுவலருக்கு அந்த மரண அறிவித்தலைத் தேடும் கடமை இல்லை. தேடியவள் நான், எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு, விலைமனுவுக்கு எவ்வளவு போடலாம் என்று கணக்குப் பார்க்க என்னால் முடியவில்லை.

இறுதிச்சடங்கு இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். குடும்பத்தின் விபரங்களைத் தரமாட்டோம், செய்தியைச் சேர்ப்பித்துவிடுகிறோம் என்றார்கள். அடுத்த நாள் மாலையே மகள் அழைத்தார். தகப்பனார் மோட்கேஜ் முடிந்த நாளிலிருந்து வரிக் காசோலையை நகரசபைக் கரும பீடத்தில் நேரே கொடுத்துவந்தவர் என்றும், அவர் போன பிறகு அப்படியொரு கட்டணம் இருப்பதே தாயாரின் நினைவில் தங்கவில்லை என்றும் பின்னர் விசாரித்துச் சொன்னார். பதிவுத் தபால் வந்தபோதெல்லாம் தபால்காரர் கதவில் அட்டையைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். தபாலகத்துக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டிக் கடிதத்தை எடுக்கவேண்டும். அந்த அம்மா கார் ஓட்டுவதில்லை. சான்றிதழ் பதிந்த பிறகு பகுதி பகுதியாகக் கட்ட முடியாது. ஓர் ஆண்டு முடிவதற்கு முன்னரானால் நகரசபையோடு தவணை உடன்படிக்கை செய்திருக்கலாம், அதுவும் கடந்துவிட்டிருந்தது. மகள் முழுத்தொகையையும் வங்கி வரைவாக அனுப்பினார். பொருளாளர் ஏற்றுக்கொண்டு விற்பனையை இரத்துச் செய்தார். அண்ணா சில மாதங்கள் என்னோடு அவ்வளவாகக் கதைக்கவில்லை.

விற்பனை நடந்திருந்தாலும் அந்த அம்மா எல்லாவற்றையும் இழந்திருக்கமாட்டார் என்று ஒருவர் சொல்லக்கூடும். ஒன்ராறியோவில் நிலுவை போக எஞ்சும் பணம் உயர் நீதிமன்றத்தில் வைப்பிலிடப்படுகிறது. முன்னாள் உரிமையாளர் விண்ணப்பித்துப் பெறலாம். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இவ்வளவுகூட இருக்கவில்லை. மினசோட்டாவின் ஹென்னெப்பின் மாவட்டத்தில் வயோதிபப் பெண்ணொருவரின் மாடிமனை ஏறத்தாழ 15,000 டொலர் நிலுவைக்காக எடுக்கப்பட்டு 40,000 டொலருக்கு விற்கப்பட்டது. மிகுதி 25,000 டொலரையும் மாவட்டமே வைத்துக்கொண்டது. அந்த நிலுவையில் உண்மையான வரி 2,300 டொலர்தான்; ஏனையவை வட்டியும் தண்டமும் செலவும். அது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் பதிவுத் தபாலை எடுக்கத் தபாலகம் போகமுடியாத ஒருவர் உயர் நீதிமன்றத்தில் மனுப்போடுவார் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு தூரம் பொருந்தும்? உரிய காலத்துக்குள் யாரும் கேட்காத பணம் இங்கும் நகரசபைக்கே போய்ச் சேர்கிறது.

எங்கள் பெற்றோரின் வீடுகள்

இதை இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் அந்தச் சிற்றூர் மட்டும் அல்ல. 83-க்குப் பிறகு வந்து ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடு வாங்கிய எங்கள் பெற்றோரின் தலைமுறை இப்போது அதே கட்டத்துக்கு வந்திருக்கிறது. மோட்கேஜ் தவணையோடு வரியையும் சேர்த்து வாங்கி நகரசபைக்குக் கட்டிவந்த வங்கி, கடன் தீர்ந்த அன்றோடு விலகிவிடும். அதன் பிறகு வரும் கட்டண அறிவித்தல் ஆங்கிலத்தில், பெரும்பாலும் அப்பாவின் பெயருக்கு வரும். அப்பா இருக்கும்வரை அது அவருடைய வேலை. மோட்கேஜ் முடிந்தது என்று நாங்கள் கொண்டாடும் வீட்டுக்குத்தான் இந்த ஆபத்தில் காவல் குறைவு.

ஆகவே இப்போதெல்லாம் வரி விற்பனைக் காணி பற்றிக் கேட்க வருபவர்களிடம், முதலில் உங்கள் பெற்றோரின் வீட்டுப் பதிவேட்டை எடுத்துப் பார்ப்போம் என்று சொல்கிறேன். சிலர் தயங்குகிறார்கள், எடுத்துப் பார்த்த பிறகு ஒருவரும் வருந்தியதில்லை. வரி நிலுவை இருக்கிறதா என்பதை ரோல் இலக்கத்தைக் கொண்டு நகரசபையில் விசாரிக்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழியும் ஒழுங்கைச் செய்துவிடலாம். கட்டண அறிவித்தல் பிள்ளைகளில் ஒருவரின் முகவரிக்கு வரும்படி மாற்றிக் கேட்கலாம். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு ரொறன்ரோ போன்ற நகரங்களில் வரி உயர்வை நீக்கவும் பிற்போடவும் திட்டங்கள் உண்டு; தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத அம்மாக்களை நானே கண்டிருக்கிறேன். கூட்டாக வாங்கிய வீட்டில் ஒருவர் காலமாகிவிட்டால், எஞ்சியவர் பெயருக்கு உரிமையை மாற்றும் விண்ணப்பத்தைக் காணிப் பதிவகத்தில் பதியவேண்டும். மரணச் சான்றிதழையும் அம்மாவின் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக் கொடுக்கல் வாங்கல் பார்க்கும் எந்தச் சட்டத்தரணியிடம் போனாலும் அதைச் செய்து தருவார்கள்.